ஊரைவிடப் பெரிய மைதானம்

பாரிஸ்: லா ஷப்பேல்

பாரிஸ் வடக்கு ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தாலே கடைப் பலகைகளில் தமிழ் தொடங்கிவிடுகிறது. நகைக்கடை, புடவைக்கடை, மளிகைக்கடை, இரும்புக் கல்லில் கொத்து ரொட்டி தட்டும் சத்தம். லா ஷப்பேல் என்னும் இந்தப் பகுதியைத் தங்கள் கடைத்தெருவாக ஆக்கியவர்கள் போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள். 1985-ல் தொடங்கிய மாணிக்க விநாயகர் கோவிலின் தேர், கோடை முடியும் நாட்களில் இந்தத் தெருக்களில்தான் ஆண்டுதோறும் ஓடுகிறது.

இடியப்பமும் சொதியும் பரிமாறிய கடைக்காரர், பையோடு வந்திருந்த எங்களைப் பார்த்து எங்கே பயணம் என்று கேட்டார்.

“லான்ஸுக்கு அண்ணே. ஃபுட்பால் பார்க்க.”

“லான்ஸுக்கோ? அது கரி கிண்டின ஊரெல்லோ, தங்கச்சி.” கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிட்டார். “நான் குருநகர். எங்கட பக்கம் மட்ச் எண்டா வீட்டில ஆர் நிப்பினம்? கிழவன், கிழவி, சின்னப் பிள்ளையள் எல்லாம் மைதானத்திலதான். இஞ்ச வந்து முப்பது வருசம். பாரிஸ் டீமின்ர மட்ச் ரெண்டு தரம் பாத்தனான். நல்ல விளையாட்டு. ஆனா பக்கத்தில இருக்கிறவன் ஆரெண்டு எனக்குத் தெரியாது, நான் ஆரெண்டு அவனுக்குத் தெரியாது. லான்ஸ்ல அப்பிடி இல்லையாம். போய்ப் பாத்திட்டு வாங்கோ.”

நான் அறிய வந்ததும் அதைத்தான். பாரிஸும் அதைச் சுற்றியுள்ள பகுதியும் சேர்ந்தால் 1.2 கோடி மக்கள். நகரின் புகழ்பெற்ற அணி ஆடும் பார்க் தெ பிரின்ஸ் அரங்கில் சுமார் 48,000 இருக்கைகள். ஆயிரம் பேருக்கு 4 இருக்கை. சென்னையின் நேரு ஸ்டேடியத்தில் 40,000 பேர் உட்காரலாம். நகரின் மக்கள்தொகை ஒரு கோடியை ஒட்டி நிற்கிறது. அங்கும் ஆயிரத்துக்கு 4. பெருநகரக் கணக்கு எங்கும் இப்படித்தான் இருக்கும்.

வடக்கே ஒரு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் லான்ஸ் நகரில் வசிப்பவர்கள் சுமார் 32,000 பேர். அங்குள்ள மைதானத்தில் 38,000 பேர் உட்காரலாம். அண்மை ஆண்டுகளில் அது ஆட்டத்துக்கு ஆட்டம் நிறைகிறது. மேற்கே பிரெத்தோன் நிலத்தில் கெங்கான் என்றொரு ஊர். மக்கள் 7,000 பேர், அரங்கில் 18,000 இடம். ஒரு ஊர் தன்னைவிடப் பெரிய மைதானத்தை எதற்காகக் கட்டுகிறது? அதை எங்கிருந்து வந்து யார் நிரப்புகிறார்கள்? புதுச்சேரியில் பிறந்து பாரிஸில் வாழும் தோழி, பிரெஞ்சு தெரியாத எனக்கு வாயாகவும் காதாகவும் உடன் வந்தாள்.

லான்ஸ்: கரிநிலத்தின் சந்தை

பாரிஸ் கண்ணிலிருந்து மறைந்ததும் நிலம் தட்டையாகிவிடுகிறது. பீட்ரூட் வயல், கோதுமை வயல், மறுபடி பீட்ரூட். பிறகு, மலையே இல்லாத அந்தச் சமவெளியில் கூம்பு வடிவக் கறுப்புக் குன்றுகள் ஒவ்வொன்றாக எழுகின்றன. நூறு, நூற்றைம்பது ஆண்டுகளாகப் பூமிக்கடியிலிருந்து நிலக்கரியோடு ஏறிவந்த கல்லையும் மண்ணையும் மனிதர்கள் கொட்டிக் குவித்த குன்றுகள் அவை.

எனக்கு அவை புதியவை அல்ல. என் தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. வட ஆர்க்காட்டிலிருந்து போய் அங்கே குடியேறிய ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. சிறுவயதில் விடுமுறைக்குப் போகும்போது தங்கவயலின் சயனைடு மேடுகளைக் கண்டதும் ஊர் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வேன். தங்கம் பிரித்தெடுத்தபின் மிஞ்சிய மண் அது. வெளிர் சாம்பல் நிறம். இங்கே நிறம் கறுப்பு. மற்றபடி அடையாளம் கண்டுகொள்ள எனக்குச் சிரமம் இருக்கவில்லை.

லான்ஸ் ரயில் நிலையத்தை 1920களில் நீராவி எஞ்சின் வடிவத்தில் கட்டியிருக்கிறார்கள், மணிக்கூண்டுதான் புகைபோக்கி. அடியில் சுரங்கம் தோண்டிய மண் எப்போது வேண்டுமானாலும் தாழும் என்பதால், அதற்கு வளைந்துகொடுக்கும்படி அடித்தளம் அமைத்தார்களாம். ஊரில் பழைய கட்டடம் எதுவும் கண்ணில் படவில்லை. முதல் உலகப்போரில் லான்ஸ் முழுவதுமாகத் தரைமட்டமானது. இன்றுள்ள ஊர் அதற்குப் பிறகு செங்கல் செங்கல்லாக எழுப்பியது. தெருவுக்குத் தெரு ஒரே அளவிலான செங்கல் வீடுகள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு காய்கறித் துண்டு. சுரங்க நிறுவனம் கட்டிக்கொடுத்த தொழிலாளர் குடியிருப்புகள் இவை. தங்கவயலில் இதைத்தான் லைன் வீடு என்போம்.

ஆட்டம் மாலையில். ஆனால் நண்பகலிலிருந்தே அணியின் சிவப்பும் பொன்மஞ்சளும் ஊருக்குள் வரத் தொடங்கிவிட்டன. அரங்குக்குப் போகும் சாலையோரம் உருளைக்கிழங்கு பொரிக்கும் வண்டிக்கடைகள். மாட்டுக்கொழுப்பில் இருமுறை பொரித்த தடித்த துண்டுகளைக் கூம்புத்தாளில் அள்ளிக் கொடுக்கிறார்கள். பக்கத்துக் கடையில் மருவால் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பணியாரம். மணம் முகத்தில் அடிக்கும், நாக்கில் பட்டால் அத்தனை மென்மை. குடிக்கக் கொடுத்தது சிக்கரி கலந்த காபி. நம் ஃபில்டர் காபிப் பொடியில் சேர்க்கும் அதே சிக்கரிச் செடிதான் இந்த வட பிரெஞ்சு வயல்களிலும் விளைகிறது. காபி எட்டாத விலையில் இருந்த காலத்தில் சுரங்கத் தொழிலாளிகளின் குவளையை அது நிரப்பியது. முதல் மிடறிலேயே கும்பகோணம் நினைவுக்கு வந்தது.

வண்டிக்கடை அம்மாவிடம் தோழி பேச்சுக் கொடுத்தாள். அவருடைய கணவரின் தாத்தா 1920களில் போலந்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். மாமனார், கணவர், மகன் என்று மூன்று தலைமுறையாக அரங்கின் ஒரே பகுதியில்தான் நிற்கிறார்கள். “ஊரில் 32,000 பேர்தானே, மைதானம் எப்படி நிறைகிறது?” என்று கேட்டேன். அவர் கரண்டியை நீட்டி வந்துகொண்டிருந்த பேருந்துகளைக் காட்டினார். லியெவான், அவியோன், எனான், பெத்தூன், ப்ருவே. ஒவ்வொரு ஊரிலும் ஒரு ரசிகர் கிளை, ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பதாகை. “இவையெல்லாம் வேறு ஊர் என்று வரைபடத்தில் இருக்கும். பூமிக்கு அடியில் எல்லாம் ஒன்றுதான். என் மாமனார் ஓர் ஊரில் கீழே இறங்கி இன்னோர் ஊருக்கு அடியில் வேலை பார்த்தார்,” என்றார்.

அந்த அம்மா சொன்னதோடு என் கணக்கு மாறியது. லான்ஸ் என்ற நகராட்சியின் எல்லையை வைத்து வகுத்தால் ஆயிரம் பேருக்கு சுமார் 1,200 இருக்கை என்று வியப்பூட்டும் எண் கிடைக்கிறது. ஆனால் அரங்குக்கு வருகிறவர்கள் கரிநிலம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். அந்தக் கரிநிலத்தில் வாழ்பவர்கள் சுமார் 12 லட்சம் பேர். அத்தனை பேரைக் கொண்டு வகுத்தாலும் ஆயிரத்துக்கு 30க்கு மேல் வருகிறது. பாரிஸைவிட ஏழெட்டு மடங்கு. நேர்மையான கணக்கு இதுதான். இதில் வியப்பு குறையவில்லை, எனக்கு அதிகமாயிற்று. ஓர் ஊரின் கூட்டமாக இருந்தால் பழக்கம் என்று சொல்லிவிடலாம். இங்கே ஒரு நிலப்பரப்பே தன் கூடுமிடமாக ஒரு மைதானத்தைத் தேர்ந்துகொண்டிருக்கிறது.

லான்ஸ்: பொலேர் அரங்கம்

இந்த அணியின் வரலாறு 1906-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு மார்ச் 10 அன்று காலை, லான்ஸை அடுத்த கூரியேர் சுரங்கங்களில் கரித்தூள் வெடித்து 1,099 பேர் இறந்தார்கள். சிறுவர்களும் அதில் அடக்கம். ஐரோப்பா அதுவரை அப்படியொரு சுரங்க விபத்தைக் கண்டதில்லை. 20 நாள் கழித்து 13 பேர் இருட்டிலிருந்து தாங்களே வழி தேடி உயிரோடு வந்தார்கள். அவ்வளவு சீக்கிரம் தேடலைக் கைவிட்டார்களே என்று கரிநிலம் கொதித்தது. பெரும் வேலைநிறுத்தம் அதற்கு முன்பே வெடித்திருந்தது. அந்தக் கொந்தளிப்பான ஆண்டின் ஜூலையில் பிரான்சில் வாராந்திர ஓய்வு சட்டமானது. லான்ஸ் இளைஞர்கள் கால்பந்து அணி தொடங்கியதும் அதே 1906-ல். ஞாயிற்றுக்கிழமை தொழிலாளியின் கைக்கு வந்த காலமும் பந்து வந்த காலமும் ஒன்றாக இருப்பதை நான் தற்செயலாக எண்ணவில்லை.

அரங்கம் 1933-ல் திறந்தது. மந்தநிலையில் வேலையிழந்த சுரங்கத் தொழிலாளிகளைக் கொண்டே நிறுவனம் அதைக் கட்டியது. தன் அதிகாரி ஃபெலிக்ஸ் பொலேரின் பெயரையும் வைத்தது. அடுத்த ஆண்டு அணியையே நிறுவனம் எடுத்துக்கொண்டது. வீடு, பள்ளி, தேவாலயம், கடை, மருத்துவம் எல்லாம் அதன் கையில். ஞாயிற்றுக்கிழமையும் அதன் கைக்குள் வந்தது. 1960களின் இறுதியில் நிலக்கரி நலிந்ததும் நிறுவனம் கையை விலக்கிக்கொண்டது. அணி தொழில்முறை அந்தஸ்தை இழந்தது. அதோடு கதை முடிந்திருக்கலாம். நகரத்தந்தை ஆந்த்ரே தெலெலிஸ் நகராட்சியின் தோளை அணிக்குக் கொடுத்தார். 1973-ல் அணி மீண்டும் முதல் பிரிவுக்கு வந்தது. அவர் மறைந்த 2012-ல் அரங்கின் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்தார்கள். முதலாளி கட்டிய அரங்கம், ஊர் காப்பாற்றிய அரங்கம் என்ற இரண்டு உண்மையும் இன்று அதன் பெயரிலேயே இருக்கின்றன.

எங்கள் இருக்கைக்குப் பக்கத்தில் எழுபதைத் தாண்டிய ஒரு மொரோக்கோ பெரியவர். 1970களின் தொடக்கத்தில் ஆள்சேர்ப்பவர்கள் மொரோக்கோவின் தெற்குக் கிராமங்களுக்குப் போய் இளைஞர்களைத் தேர்ந்து கூட்டிவந்தார்கள், அப்படி வந்தவர். கரிநிலத்தின் கடைசிச் சுரங்கம் 1990 டிசம்பர் 21 அன்று வாஞி ஊரில் மூடப்பட்டது. அதற்குச் சில ஆண்டு முன்பே இவருடைய சுரங்கம் மூடிவிட்டது. பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்க நிறுத்துவார். நுரையீரலில் கற்தூள் படிந்தவர்களின் இருமலை நான் தங்கவயலில் நிறையக் கேட்டிருக்கிறேன். ஆகவே எதுவும் கேட்கவில்லை.

“கீழே இறங்குமுன் விளக்கறையில் எண் போட்ட பித்தளை வில்லை கொடுப்பார்கள்,” என்று அவராகவே சொன்னார். “மேலே வந்ததும் அதைத் திரும்பக் கொடுக்கணும். பலகையில் ஒரு வில்லை குறைந்தால் யாரோ கீழே இருக்கிறான் என்று அர்த்தம். இப்போது இங்கே வந்து உட்கார்ந்ததும் என் வரிசையைப் பார்ப்பேன். யாராவது வரவில்லை என்றால் மறுநாள் காலை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பேன்.”

பார்வையாளர் எண்ணிக்கை என்று நான் தேடி வந்ததை அந்தப் பெரியவர் வேறொரு உயரத்துக்குக் கொண்டுபோய்விட்டார். அரங்கின் மின்பலகையில் இடைவேளைக்குப் பின் வந்த எண் 38,000-ஐ நெருங்கியது. அந்த எண்ணுக்குள் அவர் வரிசையின் கணக்கும் இருந்தது. என் தாத்தாவின் டோக்கனை அம்மா இன்றும் வைத்திருக்கிறாள் என்று சொன்னேன். அவர் தன் சிவப்பு மஞ்சள் துண்டை எடுத்து என் தோளில் போட்டார். ஆட்டம் முடியும்வரை திரும்ப வாங்கவில்லை.

அரங்கின் ஒரு பகுதிக்கு ஆஸ்திரியாவில் பிறந்து இங்கே ஆடிய மாரெக்கின் பெயர். இன்னொன்றுக்கு மார்த்தினிக் தீவிலிருந்து வந்து பிரான்சுக்காகவும் ஆடிய செர்செஸ் லூயியின் பெயர். வழக்கமாகக் கோலுக்குப் பின்னால் நின்று பாடும் தீவிர ரசிகர்கள் இங்கே மைதானத்தின் நீளப்பக்கத்தில், மாரெக் பகுதியில் நிற்கிறார்கள். அதனால் அவர்கள் எழுப்பும் ஒலி மைதானத்தைக் குறுக்காகக் கடந்து எதிர்ப்பக்கத்தில் மோதித் திரும்புகிறது.

இரண்டாம் பாதி தொடங்கும்போது ஆட்டத்தை யாரும் பார்க்கவில்லை. துண்டுகளை இரு கையாலும் தலைக்கு மேல் விரித்துப் பிடித்து எல்லோரும் பாடுகிறார்கள். பியேர் பாஷ்லே 1982-ல் பாடிய, சுரங்கக் குடியிருப்புகளைப் பற்றிய பாட்டு. பிறந்த மண்ணையும் சுரங்கத்துக்குப் போன தகப்பனையும் நினைக்கும் பாட்டு என்று தோழி காதருகே சொன்னாள். கடைசிச் சுரங்கம் மூடி முப்பது ஆண்டுக்கு மேலாகிறது. சுரங்கத்தைக் கண்ணால் காணாத பதினைந்து வயதுப் பிள்ளைகளும் ஒரு சொல் விடாமல் பாடினார்கள். அன்றைய ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. கலையும்போது யாருடைய முகத்திலும் ஏமாந்த களை இல்லை.

இந்த ஊர் வென்றும் இருக்கிறது. 1998-ல் பிரெஞ்சுச் சாம்பியன். அதே ஆண்டு நவம்பரில் வெம்ப்ளியில் ஆர்செனலை 1-0 என்று வென்றது. 2023-ல் பாரிஸுக்கு ஒரே ஒரு புள்ளி குறைவாக இரண்டாம் இடம். ஆனால் என்னை அதிகம் தொட்ட செய்தி வேறு. 2015 முதல் 2020 வரை அணி இரண்டாம் பிரிவில் கிடந்தது. அப்போதும் ஆட்டத்துக்குச் சராசரியாக இருபதாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். வெற்றிக்காக வருகிற கூட்டம் தோல்வியில் கலைந்துவிடும். இது கலையவில்லை.

லோஸ்-ஆன்-கோயெல்: கறுப்புக் குன்றின் மேல்

மறுநாள் லான்ஸை ஒட்டிய லோஸ்-ஆன்-கோயெலின் இரட்டைக் குன்றில் ஏறினோம். ஐரோப்பாவிலேயே மிக உயர்ந்த கரிக்கழிவுக் குன்றுகளில் இது ஒன்று. உச்சி கடல்மட்டத்திலிருந்து 186 மீட்டர். காலடியில் கறுப்புச் சில்லுகள் சரசரக்கின்றன. ஆனால் பக்கமெங்கும் பிர்ச் மரங்கள் முளைத்து, காட்டுப்பூக்கள் படர்ந்திருக்கின்றன. 2012-ல் யுனெஸ்கோ இந்தக் கரிநிலத்தை உலக மரபுச்சின்னமாக அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில், மூடிய சுரங்கம் ஒன்றின் நிலத்தில் லூவ்ர் அருங்காட்சியகத்தின் கிளை திறந்தது. மேலிருந்து பார்த்தால் லூவ்ரின் தாழ்ந்த கண்ணாடிக் கூரையும், கொஞ்ச தூரத்தில் அரங்கும் தெரிகின்றன. நடுவே வரிசை வரிசையாகச் செங்கல் வீடுகள். மேற்கே நொ-லே-மீன் ஊர்: போலந்துக் குடும்பத்தில் பிறந்து, பதின்வயதில் சுரங்கத்தில் இறங்கி, விபத்தில் விரலை இழந்து, 1958-ல் ஐரோப்பாவின் சிறந்த வீரரான ரேமோன் கோபாவின் ஊர்.

அந்த உச்சியில் தங்கவயலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக, மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது சாம்பியன் ரீஃப். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் பெற்ற ஊர் தங்கவயல். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடியது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் ஊர் அது. மூடியபின் அங்கே பெருங்கூட்டம் சேரும் இடம் ரயில் நிலையம்தான். விடியுமுன்னே பெங்களூர் வண்டியில் ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போய், இரவில் திரும்புகிறார்கள். தங்கவயலிலும் பந்து ஆடினார்கள். ஷிப்டுக்கு ஷிப்டு, லைனுக்கு லைன் அணி இருந்ததை மாமாக்கள் கதைகதையாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆட்டக்காரர்கள் இருந்தார்கள், ஆர்வம் இருந்தது, மைதானமும் இருந்தது. நிறுவனம் போனபோது அதை ஏந்திக்கொள்ள ஒரு கை நீளவில்லை.

கெங்கான்: 7,000 பேரின் ஊர்

கெங்கான் முற்றிலும் வேறு நாடு. கரி இல்லை, பெரிய ஊரே பக்கத்தில் இல்லை. வேலியிட்ட பசும்புல் வெளிகள், மாடுகள், மழைத்தூறல், கற்சுவர் வீடுகள். திரியூ ஆறு ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறது. நடுச்சதுக்கத்தில் ஈயத்தால் செய்த பழைய நீரூற்று ஒன்று. ஒரு தெரு தொடங்கி முடிவதற்குள் கடைக்காரர் மூன்று பேர் நமக்கு வணக்கம் சொல்லிவிடுகிறார்கள்.

இங்கே அன்று இரண்டாம் பிரிவு ஆட்டம், இரவில். அரங்கின் பெயர் ருதூரு, 1990-ல் கட்டியது. வாயிலருகே நம் தோசைக்கல்லைப் போன்ற வட்டக் கல்லில் பக்வீட் மாவைத் தேய்த்து, சுட்ட சாசேஜைச் சுருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உப்பிட்ட வெண்ணெய் வழிய வழியத் தின்ன வேண்டும். கூடவே பீங்கான் கிண்ணத்தில் ஆப்பிள் சைடர். கல்லுக்குப் பின்னால் நின்ற பெண்மணி ஓய்வுபெற்ற ஆசிரியை. வார நாட்களில் ஊர் நூலகத்துக்கு உதவுகிறார், ஆட்ட நாளில் இங்கே. கூலி வாங்குவதில்லை.

அரங்கம் நிறையவில்லை. ஆனாலும் என் கண்ணளவில் ஊரின் மக்கள்தொகைக்குச் சமமான கூட்டம் இருந்தது. முதல் பிரிவில் ஆடிய ஆண்டுகளில் இதைப்போல் இரு மடங்கு வருமாம். முன்வரிசையில் ஒரு பால்பண்ணைத் தம்பதி, முப்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்தவர்கள். மாலைப் பால் கறந்து, தொழுவம் கழுவி, வண்டியெடுத்து வந்திருந்தார்கள். “பெரிய ஊர்க்காரர்கள் எங்களைக் குடியானவர்கள் என்று கேலியாகப் பாடுவார்கள். எங்கள் ரசிகர்கள் அந்தப் பெயரையே எடுத்து அதைவிட உரக்கப் பாட ஆரம்பித்துவிட்டார்கள்,” என்றார் அந்த அம்மா. கணவர் 2009-ஐப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அந்த ஆண்டு பிரெஞ்சுக் கோப்பையின் இறுதியாட்டத்தில் இரண்டு பிரெத்தோன் அணிகள்: இரண்டு லட்சம் பேருக்கு மேல் வாழும் ரென் நகரமும், அப்போது இரண்டாம் பிரிவில் இருந்த கெங்கானும். பாரிஸ் புறநகரிலுள்ள தேசியப் பெரு அரங்கில் சுமார் 80,000 பேர். கெங்கான் 2-1 என்று வென்றது. 2014-ல் அதே ரென்னை அதே கோப்பையில் மறுபடியும் வென்றது. “அன்றைக்கு எங்கள் பண்ணையை அண்டை வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். 2014-ல் அவர் போனார், அவருடைய மாடுகளை நாங்கள் கறந்தோம்,” என்றார்.

தித்தியே துரோக்பாவும் ஃப்ளோரான் மலூதாவும் உலகம் அறியுமுன் ஆடிய மைதானம் இது. 2009 அக்டோபரில் பிரான்ஸ் தேசிய அணி, உலகக்கோப்பைத் தகுதியாட்டத்தில் ஃபாரோ தீவுகளை இங்கேதான் சந்தித்து 5-0 என்று வென்றது. அன்று 50,000 பேர்கூட இல்லாத ஒரு நாடு, 7,000 பேர் வாழும் ஊரில், ஆறு கோடிப் பேரின் அணியோடு ஆடியிருக்கிறது.

கெங்கான்: மாதா கோவில் தெரு

காலையில் ஆசிரியையே எங்களை ஊர் சுற்றிக்காட்ட வந்துவிட்டார். முதலில் கூட்டிப்போனது நோத்ர்-தாம் பேராலயத்துக்கு. வடக்கு வாசலில் கறுப்பு மாதா. ஜூலை முதல் சனிக்கிழமை இரவு இங்கே திருவிழா. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து மெழுகுவர்த்தி ஏந்தி ஊர்வலம் வரும், சதுக்கத்தில் தீ மூட்டுவார்கள். பல நூற்றாண்டாக நடக்கிறது. “எங்கள் ஊர் எப்போதுமே தன்னைவிடப் பெரிய கூட்டத்துக்குச் சோறு போட்டுப் பழகிய ஊர்,” என்றார். “கால்பந்து வந்தபோது நாங்கள் புதிதாக எதையும் கற்கவில்லை. அறையை ஒழித்துக் கொடுப்பது, வண்டி நிறுத்த இடம் விடுவது, சமைப்பது எல்லாம் பாட்டிமார் சொல்லிக்கொடுத்ததுதான்.”

லான்ஸில் கிடைத்த பதிலுக்கு மறுபாதி கெங்கானில் கிடைத்தது. இங்கே ஆயிரம் பேருக்கு 2,500-க்கு மேல் இருக்கை. அந்த அரங்கை உள்ளூர் மக்கள்தொகையைக் கொண்டு யாரும் அளக்கவில்லை. எத்தனை பேர் வரக்கூடும் என்ற நம்பிக்கையைக் கொண்டு அளந்தார்கள். கரிநிலத்துக் கூட்டத்தைச் சேர்த்தது பூமிக்கடியில் பகிர்ந்த ஆபத்து. இங்கே சேர்ப்பது, பெரிய ஊர்களின் கண்ணுக்குத் தெரியாமல் பரவிக்கிடக்கும் பண்ணைக் குடும்பங்கள் ஒருவரையொருவர் காணும் ஆசை. இரண்டிலும் பந்து ஒரு காரணம்தான். மாதத்தில் இரண்டு முறை, ஒரே இடத்தில், தெரிந்தவர்களுக்கு நடுவில் தன்னையும் ஓர் ஆளாக எண்ணிக்கொள்ள மனிதருக்கு இடம் வேண்டியிருக்கிறது. அந்த இடத்தை யாரோ கட்ட வேண்டும். கட்டியவர் போனால் யாரோ ஏற்க வேண்டும்.

நம் பக்கத்தில் விளையாட்டரங்கம் என்றால் மாநகரம் என்றே திட்டம் போடுகிறோம். ஒரு கோடிப் பேரின் நகரில் 40,000 இருக்கை; கால்பந்தையே மூச்சாகக் கொண்ட கன்னியாகுமரிக் கடற்கரைக் கிராமங்களில் பிள்ளைகள் கடல்மணலில் ஆடுகிறார்கள், பார்ப்பவர்கள் படகின் விளிம்பில் உட்காருகிறார்கள். கூட்டம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது நான்கு பக்கம் காலரி மட்டும். தங்கவயலுக்கும் இதையே சொல்வேன். சுரங்கம் திரும்ப வரும், தங்கம் மிச்சமிருக்கிறது என்று இருபது ஆண்டுக்கு மேலாகப் பேசிக்கொண்டே இருக்கிறோம். லான்ஸில் நிலக்கரி திரும்பவில்லை. நிறுவனம் விட்டுப்போன மைதானத்தை நகராட்சி பிடித்துக்கொண்டது, அதைச் சுற்றி மக்கள் தங்களைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பெரிய பணம் தேவைப்படவில்லை. இது எங்கள் இடம் என்று சொல்ல ஒரு நகரத்தந்தையும், ஆட்டம் தவறாமல் வர ஒரு வரிசை மனிதர்களும் போதுமாக இருந்தார்கள். தங்கவயலில் அந்த மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு மைதானம் வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் வேலையை நாங்கள் தொடங்க வேண்டும்.